நாற்பது நொடி மிச்சம்

"மேடம், இது இன்னும் ஓடுது!"

டொக்டொக் என்கிற ஆள் போட்ட சத்தத்தில் ஏட்டின் பேனா கைதவறி மேஜைக்கடியில் உருண்டது. போலீஸ் நிலையத்தின் பின்னறை. மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் கறுப்புக் கயிறு கோத்த ஒரு ஸ்டாப்வாட்ச். ஓட்டப்பந்தயம் நடத்தும் வாத்தியார் கழுத்தில் தொங்குமே, அந்த ரகம். அதன் சின்ன ஜன்னலில் எண்கள் விடாமல் மாறிக்கொண்டிருந்தன. அறுபத்தெட்டு மணி, ஐம்பத்தெட்டு நிமிடம், சில்லறை நொடிகள்.

"சொந்தக்காரர் போய்ச் சேர்ந்து மூணு நாளாச்சு. இதுக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லல போல," என்றான் டொக்டொக்.

மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. இருபத்தைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யும் மெய்யும் கலந்து வரும் காகிதங்களைச் சலித்துச் சலித்துச் 'சல்லடை' என்று பெயர் வாங்கியவர். இப்போது தனியாகத் துப்புத் துலக்குகிறார். மூன்று மாதமாக அவருக்கு உதவியாளன் டொக்டொக். நாற்பத்தைந்து வயது, குள்ளம், தொப்பை, வாய் மட்டும் மூன்று ஆளுக்கு உண்டு.

"ஏட்டையா, இதை ஒருத்தருமே நிறுத்தலையா?" என்றார் மேடம்.

"சாட்சிப் பொருள்மா, தொடக்கூடாது. பொணத்தோட கையில எப்படி இருந்துச்சோ அப்படியே உறையில போட்டுக் கையெழுத்து வாங்கிட்டேன்."

"உங்க சோம்பேறித்தனம் ஒரு ஆளைக் காப்பாத்தினாலும் காப்பாத்தும்."

அது பாராட்டா திட்டா என்று புரியாமல் ஏட்டு பேனாவைத் தேடக் குனிந்தார். மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சனிக்கிழமை காலை பதினொன்று பத்து. விரல்களை மடக்கிப் பின்னோக்கி எண்ணினார்.

"புதன்கிழமை மதியம் ரெண்டு பன்னிரண்டு. அப்பதான் பட்டனை அமுக்கியிருக்காரு."

அந்தப் புதன்கிழமை மதியம்தான் குளிர்பதனக் கிடங்கிலிருந்து உறைந்த கோழி ஏற்றிய லாரி ஒன்று கிளம்பியது. ஐந்து மணி நேரம் ஓடி, போய்ச் சேர்ந்த இடத்தில் பின்கதவைத் திறந்தபோது பெட்டிகளுக்கு முன்னால் ஒரு மனிதர் சுருண்டு கிடந்தார். வெறும் அரைக்கைச் சட்டை. விரல் முட்டிகளில் தோல் இல்லை. கதவை அவ்வளவு அடித்திருக்கிறார்.

கம்பெனிகளுக்குச் சரக்குப் போக்குவரத்தில் ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றின் ஆள் அவர். எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும், யார் எத்தனை நடை நடக்க வேண்டும், எந்த வேலைக்கு எத்தனை நொடி என்று ஆறு மாதமாகக் கிடங்கில் அளந்துகொண்டே திரிந்ததால் தொழிலாளிகள் அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். கதவை மூடிச் சீல் வைத்தது லாரி டிரைவர். டிரைவர் இப்போது அடுத்த அறையில், கம்பிக்குப் பின்னால். டொக்டொக்கின் அக்கா வீட்டுக்காரர் அவர்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "மேடம், உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா இதுவரைக்கும் விசாரணைன்னு உக்கார வச்சிருந்தேன், இன்னைக்குக் கைது காட்டி அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தறேன். கொலைக் கேஸ்தான். பத்து நாள் முன்னாடி சரக்கு ஏத்தற மேடையில நின்னு, 'உன்ன ஒரு நாள் உள்ள வச்சு மூடினாத்தான்யா உனக்குத் தெரியும்'னு கத்தியிருக்காரு. இருபது பேர் கேட்டிருக்காங்க. சொன்னாரு, செஞ்சாரு."

"பிடிச்சு உள்ள தள்றப்ப எவனாவது ஸ்டாப்வாட்ச்ச அமுக்குவானா?" என்றார் மேடம்.

"கைபட்டு அமுங்கியிருக்கும்."

"அவரு எதையோ அளக்கத்தான் உள்ள போனாருன்னு நான் கொண்டுவந்து காட்டினா?"

"அஞ்சு மணிக்குள்ள கொண்டுவாங்க. ஏட்டு உங்ககூட வருவாரு. அந்த உறை அவரு கையை விட்டுப் போகக்கூடாது."

கிளம்புமுன் டொக்டொக் கம்பியருகே போய் நின்றான். மாமாவின் முகம் மூன்று நாளில் பாதியாகியிருந்தது.

"மாமா, சாப்பிட்டீங்களா? இங்க சாப்பாடு எப்படி? அக்கா கையால சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது எவ்வளவோ தேவலையா இருக்குமே?"

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. "மச்சான், நான் பார்க்கலடா. சீட்டு வாங்கிட்டு வந்தேன், மூடினேன், சீல் வச்சேன், கிளம்பினேன். முன்ன மாதிரி நீ இருந்திருந்தா நீ தட்டியிருப்ப. இப்ப யாரும் தட்டறதில்ல. நானாவது ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். நானும் தட்டல."

டொக்டொக்குக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். பதினோரு வருடம் அந்தக் கிடங்கில் அவனுக்கு ஒரே வேலை. சரக்கு ஏற்றி முடிந்ததும் லாரியின் குளிர் மோட்டாரை நிறுத்துவான். கையிலிருக்கும் கட்டையால் லாரிப் பெட்டியின் பக்கவாட்டில் மூன்று தட்டு. பிறகு காதைத் தகரத்தில் ஒட்டி இருபது எண்ணுவான். உள்ளே யாராவது மாட்டியிருந்தால் திருப்பித் தட்டுவார்கள். சத்தம் இல்லையென்றால் மோட்டாரைப் போட்டுவிட்டு டிரைவருக்குக் கை காட்டுவான். எல்லாம் சேர்த்து நாற்பது நொடி. ஸ்டாப்வாட்ச் அதையும் அளந்தார். பதினோரு வருடத்தில் ஒரு முறைகூட உள்ளேயிருந்து பதில் வந்ததில்லை என்று எழுதினார். மூன்று மாதம் முன்பு டொக்டொக் வீட்டுக்குப் போனான்.

காரில் ஏறியதும் அவனுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

"மேடம், ஒண்ணு தெரியுமா? செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அந்த மனுஷன் எனக்குப் போன் பண்ணினாரு. பேரைப் பார்த்தேன். என் நாப்பது நொடியில ஏதோ பாக்கி வச்சிருப்பாரு, அதையும் பிடுங்கப் போறாருன்னு கட் பண்ணிட்டேன்."

மேடம் அவனை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் ஏட்டு, உறையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கும் பிள்ளையைச் சுமப்பவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கிடங்கின் சரக்கேற்றும் மேடையில் பத்துக் கதவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு லாரி முதுகைக் காட்டி ஒட்டிக்கொண்டு நின்றது. தடித்த அங்கியும் காது மறைத்த குல்லாயுமாக ஆட்கள் தள்ளுவண்டிகளை இழுத்தார்கள். பழைய முகங்கள்தான், ஆனால் யாரும் டொக்டொக்கிடம் நின்று பேசவில்லை. பேச நொடி ஒதுக்கப்படவில்லை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் மட்டும் வந்து அவன் தோளைத் தொட்டார்.

"அன்னைக்கு எத்தனை மணிக்குச் சீல் வச்சாங்க?" என்றார் மேடம்.

"மெஷின்ல பதிவாகும்மா. ரெண்டு பதினாலு."

"வாட்ச் ஓட ஆரம்பிச்சது ரெண்டு பன்னிரண்டு. கதவு மூடறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே அவரு உள்ள நிதானமா நின்னிருக்காரு. கேமரா?"

"கேமரா பெட்டிமேல இருக்கற பார்கோடைத்தான் பார்க்கும். ஆளைப் பார்க்காது."

"பத்து நாள் முன்னாடி டிரைவர் சண்டை போட்டது எதுக்காக?"

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு ஒரு சுமைக்காரன் உள்ள மாட்டிக்க இருந்தான்மா. கடைசி நேரத்துல டிரைவர் பார்த்துட்டாரு. அந்த ஆத்திரத்துலதான் கத்தினாரு. ஸ்டாப்வாட்ச் சார் வாயே திறக்கல. பேயறைஞ்ச மாதிரி நின்னாரு. மறுநாள்ல இருந்து எதையும் அளக்கல. லாரிப் பெட்டிக்குள்ள ஏறி உள்பக்கக் கைப்பிடியையே ஆட்டிக்கிட்டு இருந்தாரு. பாதி லாரில அது பனி பிடிச்சு அசையாது."

மேடம் காலியாக நின்ற ஒரு லாரியைக் காட்டினார். "டொக்டொக், உள்ள ஏறு."

"மேடம், நான் உறைஞ்சா வெட்டி வைக்க உங்க ஃப்ரிட்ஜ் பத்தாது."

"ஏறு."

பதினோரு வருடம் தகரத்துக்கு வெளியே காது வைத்தவன் ஒரு நாளும் உள்ளே நின்றதில்லை. கதவு மூடியதும் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே அவனுக்குத் தெரியவில்லை. தலைக்குமேல் மோட்டாரின் இரைச்சல் மண்டைக்குள் புகுந்தது. மூச்சு மூக்கிலேயே கெட்டியானது. "மேடம்!" என்று கத்தினான். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுமில்லை. முஷ்டியால் கதவில் குத்தினான். பயம் என்றால் என்னவென்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திடீரென்று இரைச்சல் நின்றது. பக்கவாட்டுத் தகரத்தில் மூன்று தட்டு விழுந்தது. காதில் இல்லை, எலும்பில் கேட்டது. அவன் பாய்ந்து போய் இரண்டு கையாலும் திருப்பித் தட்டினான்.

கதவு திறந்தது. மேடத்தின் கையில் அவனுடைய பழைய கட்டை இருந்தது.

"நாங்க மூணு பேரும் வெளியே நின்னு உன் பேரைச் சொல்லிக் கத்தினோம். கேட்டுச்சா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். வெளியே வந்து வெயிலில் நின்றும் பல் கிட்டித்தது. கிண்டலாகச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

மேடம் இதற்குள் சுவரோரம் போயிருந்தார். அங்கே வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் அட்டையில் கிளிப் போட்ட காகிதக் கட்டு. வந்த சரக்கு, போன சரக்கு, உடைந்த பெட்டி. மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிக் கொக்கியில் தொங்கிய அட்டையில் ஒரே ஒரு தாள். அதைப் படித்தவர் நிமிரவே இல்லை.

"என்ன மேடம்?"

"அவரு கையால கோடு போட்ட படிவம். 'உள்ளே போன நேரம். தட்டல் கேட்ட நேரம். கதவு திறந்த நேரம்.' மேல புதன்கிழமை தேதி. முதல் வரியில உள்ளே போன நேரம் ரெண்டு பன்னிரண்டு. மத்தது வெறுமை."

"அப்ப..."

"தட்டுவாங்கன்னு நம்பிப் போயிருக்காரு. உள்ள ஒருத்தன் மாட்டினா தட்டல் கேட்டு எத்தனை நொடியில வெளியே வருவான்னு அளக்க. டிரைவர் கண்ணுல படாம, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவுல ஒண்டி நின்னிருக்காரு. உங்க மாமா சொன்ன வார்த்தை அவருக்குத் தைச்சிருக்கு. தன்னைத் தானே உள்ள வச்சு மூடிக்கிட்டாரு."

டொக்டொக் சுவரில் ஒட்டியிருந்த வேலை முறைத் தாளைப் பார்த்தான். ஏற்று, எண்ணு, மூடு, சீல் வை, கிளம்பு. தட்டு என்று எங்கேயும் இல்லை.

"தட்டற வழக்கத்தையே எடுத்தது அவருதானே மேடம்? எவன் தட்டுவான்னு நம்பினாரு?"

"அதைத்தான் அவரோட முதலாளிகிட்டக் கேட்கணும்," என்ற மேடம், தாளின் கீழ்ப்பகுதியை அவன் பார்க்காதபடி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "அங்க நான் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். நீயும் நான் ஜாடை காட்டற வரைக்கும் வாயைத் திறக்காதே."

"அதுக்கு நீங்க என்னைத் திரும்ப அந்த லாரிக்குள்ளயே போட்டிருக்கலாம்."

ஆலோசனை நிறுவனம் நான்காவது மாடியில். கண்ணாடி அறை, நுனிக்கால் வைத்து நடக்கத் தோன்றும் தரைவிரிப்பு. முதலாளியின் தலைக்குமேல் சட்டம் போட்ட ஒரு படம்: நாற்பது நொடி, தொண்ணூறு லாரி, தினமும் ஒரு மணி நேரம் மிச்சம். அதன் கீழே நாலு கிடங்குகளின் புகைப்படம். ஒன்றில் மட்டும் வேலை நடந்திருக்கிறது. மற்ற மூன்றும் இந்த வாரம் ஒப்பந்தம் போட வேண்டியவை என்பதை வரவேற்பறைப் பெண் கேட்காமலே சொல்லியிருந்தாள்.

"ரொம்ப நல்ல மனுஷன். எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு," என்றார் முதலாளி.

"கிடங்குல வேற மாதிரி பேசறாங்க," என்றார் மேடம், பாவமாக. "தட்டற ஆளை நீங்க எடுக்கச் சொன்னதாலதான் செத்தாருன்னு சொல்றாங்க. பேப்பர்ல வந்துட்டா உங்க பேரு என்னாகறது?"

முதலாளி நிமிர்ந்தார். "அபாண்டம்! அவரே மனசு மாறித் திருத்தம் எழுதினாரு. நான் உடனே கிடங்குக்கு அனுப்பிட்டேன். அந்தத் தட்டற ஆளையும் நானே திரும்ப ஏற்பாடு பண்ணினேன். புதன் மதியத்துல இருந்து வர்றேன்னு ஒத்துக்கிட்டான். வரல. எங்க கிடந்தானோ. அவன் ஒழுங்கா வந்திருந்தா என் ஆள் இன்னைக்கு உயிரோட இருப்பாரு. கேஸ் போடணும்னா அவன் மேல போடுங்க."

"போன்ல பேசினீங்களா?"

"நேர்லயே வந்தான். செவ்வாய்க்கிழமை. இதோ இந்த நாற்காலியிலதான் உக்கார்ந்தான்."

"பார்த்தா அடையாளம் தெரியுமா?"

"தெரியாம என்ன? உயரமா, ஒல்லியா இருப்பான்."

மேடம் டொக்டொக்கைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

அவன் முன்னால் வந்தான். விரலை மடக்கி முதலாளியின் கண்ணாடி மேஜையில் மூன்று முறை தட்டினான். பிறகு குனிந்து, காதை மேஜைமேல் வைத்தான்.

"நான்தான் சார் அந்த ஆளு. உயரமா ஒல்லியான்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றி. எங்க அக்கா கேட்டா நம்பவே நம்பாது."

முதலாளியின் கை தன்னையறியாமல் மேஜையின் மேல் இழுப்பறைப் பிடியைத் தொட்டுவிட்டு விலகியது. அது போதும் மேடத்துக்கு. ஏட்டுக்குக் கண் காட்டினார். மூன்று நாளில் முதல் முறையாக ஏட்டு ஒரு பொருளைத் துணிந்து தொட்டார். இழுப்பறையில் மடிப்புக் கலையாத கடிதம் இருந்தது. *தட்டிப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னது என் தவறு. உடனே மீண்டும் தொடங்க வேண்டும்.* கீழே ஸ்டாப்வாட்சின் கையெழுத்து.

"மூணு ஒப்பந்தம்," என்றார் முதலாளி, தரைவிரிப்பைப் பார்த்தபடி. "கையெழுத்து ஆகிற வரைக்கும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம்னு பார்த்தேன். அவரு விடல. தினமும் நச்சரிச்சாரு. அதனால அனுப்பிட்டேன், ஆளும் வர்றான்னு சொல்லி வச்சேன். அவரு உள்ள போய் நிப்பாருன்னு நான் கண்டேனா?"

"கண்டிருக்க மாட்டீங்க," என்றார் மேடம். "ஆனா அவரு செத்தப்புறம் எதனால செத்தாருன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சும் மூணு நாள் ஒரு டிரைவரை உள்ள வச்சு வேடிக்கை பார்த்தீங்க."

இன்ஸ்பெக்டருக்கு ஏட்டு போன் செய்தார். கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. முதலாளி இறங்கிப் போய் அதில் ஏறினார்.

படிக்கட்டில் டொக்டொக் கையை நீட்டினான். "அந்தத் தாளைக் குடுங்க மேடம்."

"வேண்டாம்."

"அதுல என் பேரு இருக்கு. இல்லன்னா அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டீங்க. மூணு மாசமா உங்ககூட சும்மாவா சுத்தறேன்?"

மேடம் கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். மடித்த பகுதியை அவன் பிரித்தான். கட்டம் கட்டமான, திருத்தமான கையெழுத்து.

*தட்டுபவர்: டொக்டொக். செவ்வாய் மாலை நானும் பேசிப் பார்த்தேன், போன் எடுக்கவில்லை. நாளை லாரியிலிருந்து இறங்கியதும் நேரிலேயே பேசிக்கொள்ளலாம்.*

ஏட்டின் கையிலிருந்த உறைக்குள் வாட்ச் எழுபத்திரண்டு மணியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தச் சத்தத்துக்காக அந்த மனிதர் நின்றிருப்பார் என்று டொக்டொக்குக்குத் தெரியும். இன்று ஒரு லாரிக்குள் அவனும் அதற்காகத்தான் நின்றான்.

"எடுத்திருந்தா, 'எனக்கு யாரும் சொல்லலையே சார்'னு சொல்லியிருப்பேன்," என்றான். "அவ்வளவுதான் மேடம். அதைச் சொல்ல அஞ்சு நொடி ஆகியிருக்குமா?"

மேடம் அவன் தோளில் கை வைத்தார். அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா.

"டேய், மாமாவை விடறாங்களாம்டா! இப்பத்தான் இன்ஸ்பெக்டர் சொன்னாரு!" அழுகையும் சிரிப்புமாக அவள் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "நீ தெய்வம்டா. சரியான நேரத்துக்கு நீ வந்து நிக்கலன்னா, அந்த மனுஷன் உள்ளயே கிடந்து செத்திருப்பாருடா!"

மேலும் என்னென்னவோ சொன்னாள். டொக்டொக் போனைக் கட் செய்யவில்லை. அவள் பேசி ஓயும்வரை அதைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தான்.